தூசியும் அச்சமும்

சென்ற தவணையின் இறுதியில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்த பின்னர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டான். தமிழிலே கல்நார் என்றும் உலக வழக்கிலே அஸ்பெஸ்ரஸ் என்றும் கூறப்படும் பொருளைப் பற்றி விஞ்ஞான ஆசிரியர் அன்று வகுப்பில் விளக்கியிருந்தார். மாணவனின் தந்தை கூரை வேலை செய்பவர். போருக்குப் பின்னர் எங்கள் பகுதியில் எழுந்த வீடுகள் பலவற்றுக்குச் சீற் அறுத்துக் கூரை போட்டவர்.

"அப்பா பதினைந்து வருஷமாக அந்தத் தூளுக்குள்ளேதான் நின்று வேலை செய்கிறார், சேர். இதை அவருக்குச் சொல்லவேண்டுமா? சொன்னால் அவருக்கு நித்திரை வராது. எல்லாவற்றுக்கும் யோசிக்கிற மனுஷன் அவர்" என்றான்.

விஞ்ஞான ஆசிரியரிடம் போய்க் கேள் என்று நான் கூறவில்லை. தன் கேள்வி விஞ்ஞானக் கேள்வி அன்று என்பதை உணர்ந்தே அவன் என்னிடம் வந்திருந்தான். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. "கொஞ்சம் பொறு, யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவ்வாறு யோசித்ததையே இங்கு எழுதுகின்றேன்.

கல்நார் நிலத்திலிருந்து அகழப்படும் நார் வடிவான தாது. தீயில் எரியாதது. அதனை நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், சிமெந்தோடு கலந்து தகடாக வார்க்கலாம். கப்பல்களின் கொதிகலன்களையும் நீராவிக் குழாய்களையும் சுற்றிப் போர்த்தியது இதுவே. ஆயின் அறுக்கும்போதும் உடைக்கும்போதும் இது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இழைகளாகப் பிரிந்து, மூச்சோடு நுரையீரலின் ஆழத்தைச் சென்றடைகின்றது. அங்கே சென்ற இழைகளிற் பல மீண்டும் வெளிவருவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய், நுரையீரற் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்விலே தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் ஆகியன இதனால் விளைகின்றன. இவற்றுள் இறுதியிற் கூறப்பட்டது பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் வரை வெளிப்படாதிருந்து பின்னர் தோன்றுவது.

இவ்வுண்மைகள் நேற்றுக் கண்டறியப்பட்டவை அல்ல. இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்துக் கல்நார் ஆலையிலே பணிபுரிந்த பெண்ணொருத்தியின் மரணத்தைப் பற்றி 1924ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் எழுதப்பட்டது. 1930இல் பிரித்தானிய அரசின் தொழிற்சாலை மருத்துவப் பரிசோதகரான மெரிவெதரும் பொறியியற் பரிசோதகரான பிறைஸும் தம் அறிக்கையை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் அங்கே பிறந்தன. நுரையீரற் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை 1955இல் றிச்சட் டொல் நிறுவினார். 1960இல் தென்னாபிரிக்காவிலே வாக்னரும் அவருடைய தோழர்களும், சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு மாத்திரமன்றி அயலிலே வாழ்ந்தவர்களுக்கும் மீசோதீலியோமா ஏற்பட்டதை எடுத்துக் காட்டினர்.

இந்நோய்களால் இறந்தோரைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. நான் ஈண்டு எழுத விரும்புவது இறவாதோரைப் பற்றி. இன்னும் நோயுறாதோரைப் பற்றி. இருபது வயதிலே சில ஆண்டுகள் கல்நார்த் தூசியிலே வேலை செய்து, அறுபது வயதிலே ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளோடு வாழும் ஒரு மனிதனை எண்ணிப் பாருங்கள். அவன் உடலிலே வலி இல்லை. ஆனால் தன்னோடு ஒரே பட்டறையிலே நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோவதை அவன் காண்கின்றான். அவர்களின் சவ அடக்கத்துக்குச் சென்று வருகின்றான். அதன்பின் அவனுக்கு வரும் சாதாரண இருமலும் சாதாரண இருமலாய் இருப்பதில்லை. வைத்தியரிடம் அடிக்கடி ஓடுகின்றான். அல்லது வைத்தியசாலையின் வாசலையே மிதிக்க மறுக்கின்றான். பரிசோதனை முடிவு நல்லதாக வந்தால் சில வாரங்கள் நிம்மதி. அடுத்த பரிசோதனைக்கான திகதி நெருங்க நெருங்க மீண்டும் கலக்கம். அவனுடைய வேலை உடைகளை உதறித் துவைத்த மனைவியையும், மாலையில் ஓடிவந்து அவன் மடியில் ஏறிய பிள்ளைகளையும் எண்ணும்போது அச்சத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கின்றது. குற்றம் செய்தவன் உறங்க, செய்யாதவன் குற்றவுணர்வால் விழித்திருக்கின்றான்.

இந்த மனிதனுக்குத் தீங்கு நேர்ந்துவிட்டதா? அல்லது இனிமேல் நேர்ந்தால்தான் தீங்கா? அச்சம் என்பது ஒரு காயமா?

இக்கேள்வியை நீதிமன்றங்கள் எதிர்கொண்டுள்ளன. வெவ்வேறு விடைகளையும் கூறியுள்ளன. 2007ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வழக்குகளுள் ஒன்று ஒரு முன்னாள் தொழிலாளியுடையது. 1960களில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கல்நார்த் தூசியில் அவர் வேலை செய்திருந்தார். நோய் வருமோ என்ற கவலை நெடுங்காலமாக அவருக்கு இருந்தது. 2000ஆம் ஆண்டில் எடுத்த எக்ஸ்றேப் படத்தில், நுரையீரலைச் சுற்றிய சவ்விலே தடிப்புகள் காணப்பட்டன. இத்தடிப்புகள் தம்மளவில் துன்பம் தருவதில்லை, புற்றுநோயாக மாறுவதுமில்லை. ஆயினும் உடலினுள் கல்நார் புகுந்துள்ளது என்பதற்கு அவை சாட்சி. செய்தியை அறிந்த அந்தத் தொழிலாளி கடும் மனச்சோர்வு நோய்க்கு உள்ளானார். அவருக்கு நட்டஈடு இல்லை என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. தடிப்பு, அதனால் உடல் நலிவுறாமையால், தீங்கன்று. எதிர்கால ஆபத்து, இன்னும் நிகழாமையால், தீங்கன்று. அதனை எண்ணி அஞ்சுவதும் தீங்கன்று. மூன்றையும் ஒன்றாகக் கூட்டினாலும் தீங்காகாது என்பது நியாயம். மனச்சோர்வைப் பொறுத்தவரை, சாதாரண மனத்திண்மை உடைய ஒருவர் இவ்வாறு நோயுறுவார் என்று முதலாளி எதிர்பார்த்திருக்க முடியாது என்றனர்.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னர், 1997இல், அமெரிக்க உயர் நீதிமன்றமும் இத்தகைய ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நியூயோர்க் நகரத்தின் கிராண்ட் சென்ற்ரல் புகையிரத நிலையத்துச் சுரங்கவழிகளிலே நீராவிக் குழாய்களைப் பழுதுபார்த்த தொழிலாளர்கள், தலைமுதல் கால்வரை வெண்தூசி படிந்து வெளிவந்தமையால் பனிமனிதர் என்று பட்டம் பெற்றவர்கள். அவர்களுள் ஒருவர் தம் அச்சத்துக்கு நட்டஈடு கோரினார். நோய்க்குறி எதுவும் தோன்றாதவரை அச்சத்துக்கு ஈடில்லை என்றது நீதிமன்றம். 

பிரான்சிலோ மறுதலையான முடிவு பிறந்தது. எந்நேரமும் நோய் வெளிப்படலாம் என்ற இடையறாத கவலையிலே வாழ நேர்வது தனியான ஒரு தீங்கே என்று 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முதலிற் சட்டப் பட்டியலில் இடம்பெற்ற ஆலைகளின் தொழிலாளர்க்கே உரியதாயிருந்த இந்த உரிமை, 2019ஆம் ஆண்டு ஏப்ரிலில் கல்நாருக்கு உட்பட்ட ஏனைய தொழிலாளர்க்கும் விரிக்கப்பட்டது. ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றமும் 2009இல் தனிச்சட்டம் இயற்றி, நுரையீரற் சவ்வின் தடிப்பு நட்டஈட்டுக்குரிய தீங்கே என்று விதித்தது. காப்புறுதிக் கம்பெனிகள் அதனை எதிர்த்து வழக்காடி 2011இல் தோற்றன. ஒரே தூசி, ஒரே தடிப்பு, ஒரே அச்சம். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் தீங்கு இன்மையாகின்றது, இன்மை தீங்காகின்றது.

மறுத்தவர்களின் வாதங்களை இகழ்ந்து ஒதுக்குவது நேர்மையாகாது. அவை இரண்டு. ஆபத்தின்றி வாழும் மனிதர் எவருமில்லை. வீதியிலே நடப்பவனும் கடலிலே செல்பவனும் ஆபத்திலேதான் வாழ்கின்றனர். அச்சத்துக்கெல்லாம் ஈடு கொடுக்கத் தொடங்கினால் முடிவேது என்பது முதலாவது. அஞ்சுவோர் தொகை பெரிது. அவர்களுக்கெல்லாம் பங்கிட்டால் உண்மையில் நோயுற்று மூச்சுத் திணறுபவனுக்கு எஞ்சுவது என்ன என்பது இரண்டாவது.

முதல் வாதம் இரு வேறு பொருள்களை ஒன்றெனக் காட்டுகின்றது. கடலுக்குச் செல்லும் மீனவன் கடலை அறிவான். காற்றையும் முகிலையும் பார்த்துப் போகலாமா, விடலாமா என்று தீர்மானிப்பான். கல்நார் ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய தீர்மானம் வழங்கப்படவில்லை. ஆபத்தை அறிந்தவன் ஒருவன். அதனைச் சுவாசித்தவன் வேறொருவன். ஆபத்திலிருந்து வந்த இலாபம் ஒருவனுக்கு, அச்சம் மற்றவனுக்கு. எல்லோருக்கும் பொதுவான வாழ்வின் நிச்சயமின்மையோடு இதனைச் சமப்படுத்துவது, பசித்தவனை நோக்கி எல்லோருக்குந்தானே பசி எடுக்கின்றது என்று கூறுவதை ஒக்கும்.

சாதாரண மனத்திண்மை என்ற அளவுகோலும் ஆராயத்தக்கது. அச்சம் பேடிமை என்று நாம் பொதுவாக எண்ணுகின்றோம். ஆயின் அஞ்சவேண்டியதைக் கண்டு அஞ்சாதிருப்பதை வள்ளுவர் வீரத்தின்பாற் சேர்க்கவில்லை. அறிவுடைமை என்னும் அதிகாரத்திலே அதனை அறியாமையின்பாற் சேர்த்தார். தோழர்களை ஒருவர்பின் ஒருவராகப் புதைத்தவனின் அச்சம் பேயச்சம் போன்றதன்று. அது அறிவு. உடலிலே என்ன புகுந்துள்ளது என்பதை அவன் சரியாகவே அறிந்திருக்கின்றான். சரியான அறிவினால் ஒருவன் மனம் உடையுமாயின், குறையை அவன் மனத்திலே தேடுவது முறையா?

இரண்டாவது வாதம் கடினமானது. நோயாளிக்கும் அஞ்சுபவனுக்கும் இடையிலே ஒரே அப்பத்தை வைத்துப் பங்கிடச் சொன்னால் நோயாளிக்கே முதலிடம் என்பதை எவரும் மறுக்கமாட்டார், அஞ்சுபவனும் மறுக்கமாட்டான். ஆனால் அப்பம் ஏன் அவ்வளவு சிறிதாயிற்று என்று கேட்கவேண்டும். பல ஆண்டுகள் ஈட்டிய இலாபத்திலே எப்பங்கு ஒதுக்கி வைக்கப்பட்டது என்று கேட்கவேண்டும். இக்கேள்விகளை எழுப்பாது தொழிலாளிகள் இருவரை எதிரெதிரே நிறுத்திவிடுவது நீதியின் வேலையன்று.

இனி, என் மாணவனின் கேள்விக்கு வருகின்றேன். அச்சம் ஒரு காயமென்று ஏற்றுக்கொண்டால் ஒரு சிக்கல் எழுகின்றது. காயம் ஏற்படுவது தூசி புகுந்த நாளிலா, செய்தி செவியில் விழுந்த நாளிலா? செய்தி கூறும்வரை நன்றாயிருந்தவன் செய்தியினாலே நோயுற்றான் எனின், செய்தி கூறியவனே காயப்படுத்தியவன் ஆகானா? அவ்வாறாயின் கூறாது விடுவதே கருணையாகாதா? உண்மையைக் கூறினால், அம்மாணவனுக்கு நான் முதலிற் சொல்ல நினைத்த விடையும் இதுவே. சொல்லாதே, அந்த மனிதன் நிம்மதியாக இருக்கட்டும் என்று.

இந்த விடையை எனக்கு முன்னர் ஒருவர் எழுதியிருக்கிறார். கனடாவின் கியூபெக் மாகாணத்திலே, கல்நார்ச் சுரங்கத்தின் காரணமாக அஸ்பெஸ்ரஸ் என்றே பெயர்பெற்ற ஓர் ஊர் இருந்தது. அங்கே சுரங்கம் நடத்திய ஜோன்ஸ் மான்வில் கம்பெனியின் மருத்துவர் கெனத் ஸ்மித், 1949இல் தொழிலாளரின் எக்ஸ்றேப் படங்களை ஆராய்ந்தார். சிலருடைய நுரையீரலிலே நோயின் மாற்றங்களைக் கண்டார். அது திரும்ப மாறாத நோய் என்பதையும் அறிந்திருந்தார். ஆயினும் உடல் இயலாமை ஏற்படும்வரை அவர்களுக்கு இதனைக் கூறவேண்டியதில்லை என்று கம்பெனிக்கு எழுதினார். கூறாவிட்டால் அவர்கள் மன அமைதியோடு வாழ்ந்து வேலை செய்வார்கள். கம்பெனியும் அவர்களின் நெடுங்கால அனுபவத்தினாற் பயன்பெறும் என்பது அவர் காட்டிய காரணம்.

முதற் பாதியை மாத்திரம் படித்தால் அது கருணை. நானும் அதையே கருணையென்று எண்ணியிருந்தேன். இரண்டாம் பாதியைப் படித்ததும் என் விடை என்னிடமே தங்கவில்லை. மன அமைதி அந்தத் தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அதற்கு விலையாக எடுக்கப்பட்டவை எவை? வேலையை விட்டு விலகும் வாய்ப்பு. மேலும் தூசி புகாமல் தடுக்கும் வாய்ப்பு. வீட்டுக்கு உடையோடு தூசியைக் கொண்டு போகாதிருக்கும் வாய்ப்பு. புகைத்தலை நிறுத்தும் வாய்ப்பு. கல்நாரும் புகைத்தலும் சேரும்போது நுரையீரற் புற்றுநோயின் ஆபத்துப் பன்மடங்கு பெருகுகின்றது என்பதை இன்று அறிவோம். அறியாமையிலே வைக்கப்பட்டவனின் அமைதி அவனுடைய அமைதி அன்று. அவனை வைத்திருந்தவனின் வசதி.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. அதே 1949ஆம் ஆண்டிலே, அதே ஊரிலும் அயலூரான தெற்போட் மைன்ஸிலும் ஏறத்தாழ 5,000 சுரங்கத் தொழிலாளர் பெப்ரவரி முதல் பல மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, தூசியை ஒழிக்கவேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. மருத்துவர் அவர்களுக்குக் கூறாததை அவர்கள் தம் மூச்சினாலேயே ஓரளவு அறிந்திருந்தனர். ஆகவே மௌனம் அவர்களின் அச்சத்தைப் போக்கவில்லை. அச்சத்துக்குரிய ஆதாரத்தைத்தான் அவர்களிடமிருந்து மறைத்தது.

இதனால் நான் கண்ட முடிவு யாதெனில், செய்தி கூறுபவன் காயத்தை ஏற்படுத்துவதில்லை. காயத்தை மூடியிருந்த துணியை விலக்குகின்றான். ஆனால் துணியை விலக்கிவிட்டு எழுந்து போய்விடுபவன் வைத்தியனல்லன். உண்மையைக் கூறுவது எவ்வளவு கடமையோ, கூறிய பின்னர் உடனிருப்பதும் அவ்வளவு கடமை. கல்நார்த் தூசிக்கு உட்பட்டோருட் பெரும்பாலோருக்கு மீசோதீலியோமா வருவதில்லை என்பதும் உண்மை. சவ்வின் தடிப்புப் புற்றுநோயன்று என்பதும் உண்மை. அச்சுறுத்தும் பாதியை மட்டும் கூறி ஆறுதல் தரும் பாதியை விடுவதும் பொய்யே. முழு உண்மையைப் பொறுமையாக, கேட்பவனின் மொழியிலே, ஒரு முறையன்றிப் பல முறை கூறவேண்டும். இத்தகையோருக்கு எக்ஸ்றே எடுப்பதோடு கடமை முடிந்ததென எண்ணும் வைத்தியசாலை, அவர்களின் பாதிநோயைப் பாராது விடுகின்றது.

தனித்திருக்கும் அச்சம் ஒருவனை உள்ளே அரிக்கின்றது. பலரோடு பகிரப்படும் அச்சம் வேறொன்றாக மாறக்கூடும். இத்தாலியின் கசாலே மொன்பெராற்றோ நகரத்திலே 1907 முதல் 1986 வரை எற்றேனிற் கல்நார்ச் சிமெந்து ஆலை இயங்கியது. ஆலையினுள் காலடி வைக்காதவர்களும் அங்கே மீசோதீலியோமாவால் இறந்தனர். இன்னும் அந்நோய் வருமோ என்ற கலக்கம் அந்நகரத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அயலில் நிற்கின்றது. அம்மக்கள் தொழிற்சங்கத்தோடும் மருத்துவரோடும் சேர்ந்து பல்லாண்டு போராடினர். 1987இல் நகரசபை கல்நாரைத் தடைசெய்தது. 1992இல் நாடே தடைசெய்தது. ஆலையின் உரிமையாளரான ஸ்ரெபான் ஷ்மிட்ஹைனிக்கு 2012இல் ரியூரின் நீதிமன்றம் 16 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 18 ஆண்டாயிற்று. 2014இல் காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் தீர்ப்பை நீக்கியது. ஐம்பது ஆண்டு காத்திருந்து தோன்றும் நோய்க்குக் காலம் கடந்துவிட்டது என்று கூறும் சட்டம் யாருடைய காலத்தை அளக்கின்றது என்று அவர்கள் கேட்டதில் வியப்பில்லை. ஆயினும் ஆலை இருந்த இடத்திலே 2016இல் ஒரு பூங்காவைத் திறந்தனர். போராட்டம் நோயைக் குணப்படுத்தும் என்று நான் கூறவரவில்லை, அது பொய். நோயை அஞ்சுபவன் தன்னைக் குற்றவாளியாகவும் கோழையாகவும் எண்ணிக்கொள்ளும் நிலையை அது மாற்றும் என்றே கூறுகின்றேன்.

இலாபவேட்கையே இத்தனைக்கும் காரணமென்று கூறி நாம் நிறைவடைந்துவிடலாம். அது பெரும்பகுதி உண்மை, முழு உண்மையன்று. தனியுடைமை ஒழிந்ததாகக் கூறப்பட்ட சோவியத்து நாட்டிலும் ஊரல் மலைப்பகுதியில் இத்தாதுவின் பெயரையே தாங்கிய நகரம் ஒன்று இதனைத் தோண்டியே வாழ்ந்தது, இன்றும் வாழ்கின்றது. நம் நாட்டுக்கு வரும் கல்நாரிற் பெரும்பங்கு ருஷ்யாவிலிருந்தே வருகின்றது. 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில் ருஷ்யா, தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதென்று கூறி நம் தேயிலையை நிறுத்தியது. சில நாள்களுக்குள் கல்நார்க் கட்டுப்பாடு பிற்போடப்பட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. மலையகத் தொழிலாளியின் கூலியை ஒரு தட்டிலும் கூரைத் தொழிலாளியின் மூச்சை மறு தட்டிலும் வைத்து நிறுத்த நேர்ந்தது. அந்த நிறுவையைப் பற்றி அவ்விருவரிடமும் எவரும் கேட்கவில்லை. இங்கேயும் அறிந்தவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர்.

இரண்டு வாரங்களின் பின் அம்மாணவனை அழைத்தேன். அப்பாவுக்குச் சொல், ஆனால் தனியே சொல்லாதே, நானும் வருகின்றேன் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூவரும் அவர்களின் முற்றத்தில் இருந்து பேசினோம். அவர்கள் வீட்டுக்கும் அதே கூரைதான். முழுதாயிருக்கும் சீற்றின் கீழ் வாழ்வதும் அதனை நாள்தோறும் அறுப்பதும் ஒன்றல்ல என்பதை விளக்கினேன். அறுக்கும் இடத்தை நனைத்தல், இயந்திர வாளை விடுத்துக் கைவாளைப் பயன்படுத்தல், தகுந்த முகக்கவசம், வேலை உடையை வீட்டினுள் கொண்டுவராமை, பீடியை விடுதல், நெஞ்சு நோய் வைத்தியரிடம் சென்று தம் தொழிலைக் கூறிப் பரிசோதித்தல் ஆகியவற்றைச் சொன்னேன். நோய் வந்துவிட்டதென்று அர்த்தமன்று என்பதையும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "மாஸ்ரர், நான் இந்த வேலைக்கு வரும்போது இது ஆருக்காவது தெரிஞ்சிருந்ததோ?" என்று கேட்டார்.

தெரிந்திருந்தது என்றேன். அன்றிரவு அவருக்கு நித்திரை வந்திராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகச் சொல்லி வந்திருக்கிறேன். அவரோடு வேலை செய்யும் இன்னும் நால்வரையும் அழைத்து வைப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.